இன்னுமோர் இடப்பெயர்வு வேண்டா: வன்னி முதியோரும் அவர்தம் வீடும்



ஆண்டுதோறும் இவ்வறக்கட்டளை நடத்தும் இந்நினைவு நாளில் சமயம், இலக்கியம், சரித்திரம் முதலிய விஷயங்களைப் பற்றியே கேட்டுப் பழகிய உங்கள் முன்னிலையில், மலசலகூடத்துக் கைபிடியையும் கிணற்றுக் கப்பியையும் குளிசைப் பையையும் பற்றிப் பேச நான் வந்து நிற்பது அவை மரபுக்குப் பொருந்தாததாகச் சிலருக்குத் தோன்றக்கூடும். ஆயினும், வறிய முதியவர் ஒருவர் தம் சொந்த வீட்டிலே, பிறர் கையை எதிர்பாராமல், தேகாரோக்கியத்தோடு வாழ்வதா இல்லையா என்பதை எங்கள் பிரதேசத்தில் நிர்ணயிப்பவை பெரும்பாலும் இத்தகைய அற்பப் பொருள்களே என்பது பல வளவுகளில் ஏறி இறங்கியதன் பயனாக எனக்கு உண்டான அபிப்பிராயமாகையால், அவற்றை விலக்கிவிட்டு முதுமையின் மாண்பைப் பற்றி மாத்திரம் பேசிச் செல்ல என் மனம் இசையவில்லை.

வன்னிப் பெருநிலத்தில் இன்று எழுபத்தைந்து வயதை எட்டியிருக்கும் ஒருவரின் ஜீவிய சரிதத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு வந்து காடு வெட்டிக் குடியேறியவராயினும், இரணைமடு நீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் வயல் செய்தவராயினும், முல்லைத்தீவுக் கரையில் வலை இழுத்தவராயினும், 1990களின் யுத்தத்தில் ஊர் ஊராக அலைந்து, கரையோரத்தவராயின் 2004 டிசெம்பர் 26இன் சுனாமியில் கடல் கொண்டதுபோக எஞ்சியதைத் திரட்டிக்கொண்டு, 2009 மே மாதத்தில் அதனையும் இழந்து உடுத்த துணியோடு செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமை அடைந்து, 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்படுவதற்குள் எப்படியோ தம் வளவுக்குத் திரும்பியவர் அவர். இத்தனைக்கும் பிறகு ஒரு படலையைத் தமதென்று சாத்திக்கொள்ளக் கிடைத்த மனிதரை, விருத்தாப்பியத்தின் தளர்ச்சியைக் காரணம் காட்டி அவ்விடத்தினின்றும் எழுப்புவது, எத்துணை அன்போடு செய்யப்பட்டாலும், அவருடைய கணக்கில் இன்னுமோர் இடப்பெயர்வே ஆகும். வவுனியா கோவில்குளத்திலே சிவன் கோயிலை அண்டி நடைபெறும் முதியோர் இல்லத்தைப் போன்றவை, ஆதரவு அறவே அற்றோருக்குச் செய்துவரும் உபகாரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அத்தகைய இல்லத்துக்குப் போக வேண்டிய அவசியமே நேராதபடி செய்யக்கூடியவற்றைச் செய்யாமலிருக்கிறோமே என்பதுதான் என் விசனம்.

வீட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். யுத்தத்துக்குப் பின் 2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டத்தின் 50,000 வீடுகளில் பெரும் பகுதி வடக்குக் கிழக்கிலே எழுந்தது. வீடொன்றுக்கு 550,000 ரூபா வீதம், சொந்தக்காரரே முன்னின்று கட்டும் முறையில் அது வழங்கப்பட்டது. தறப்பாளின் கீழ்க் கிடந்த ஜனங்களுக்கு அது பேருபகாரம் என்பதை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் அறுபது வயதில் அவ்வீட்டைப் பெற்றவர் எழுபத்தைந்து வயதிலும் அதே வீட்டில்தான் இருப்பார் என்பதை வரைபடம் வரைந்தவர் ஒருவரும் யோசிக்கவில்லை. உயர்ந்த வாசற்படி, பிடிக்க ஒன்றுமில்லாத சுவர், வழுக்கும் சீமெந்துத் தளம் ஆகியவை இளையவர் கண்ணுக்குப் படுவதேயில்லை.

மலசலகூடத்தின் கதை இன்னும் விசேஷமானது. கிணற்றுக்கு அருகில் அது இருத்தலாகாது என்ற சுகாதார விதி நியாயமானதே. அந்த நியாயத்தின் பயனாக அது வளவின் கோடியிலே, வீட்டிலிருந்து மிகவும் தள்ளி, வெளிச்சம் எட்டாத இடத்தில் நிற்கிறது. மாரி காலத்து இரவில், முழங்கால் நோவுடைய ஒரு தாய், ஒரு கையில் டோர்ச்சும் மறு கையில் பொல்லுமாய், புடையன் கிடக்குமோ என்று நிலத்தைப் பார்த்துப் பார்த்து அங்கே போய், குந்தியெழுந்து திரும்பி வருவதென்பது என்ன பிரயாசை! ஆகையால் அவர் என்ன செய்கிறார் தெரியுமோ? பொழுது பட்டபின் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார். பரந்தன்–முல்லைத்தீவு வீதியையொட்டிய கிராமமொன்றில் இதனை ஓர் அம்மா என்னிடம் ஏதோ தம் கெட்டித்தனம் போலச் சொன்னார். சொல்லிவிட்டு, காலையில் எழும்போது தலை சுற்றுவதைப் பற்றி வேறொரு விஷயமாக முறையிட்டார். பிரஷர் குளிசை விழுங்குகிற, சீனி வருத்தமுள்ள சரீரம் ஒன்று இரவெல்லாம் நீரின்றிக் கிடந்து விடியற்காலையில் சட்டென எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், சுற்றினால் விழும், விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அத்தோடு அவருடைய சுயாதீனம் முடிந்தது. நெடுங்காலச் சிறுநீரக நோய் பலரை வாட்டும் வவுனியா மாவட்டத்திலோ, தண்ணீரைக் குறைப்பதன் அபாயத்தை நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. இவ்வளவுக்கும் பரிகாரம், சுவரில் பதித்த ஓர் இரும்புக் குழாய், குந்தும் இடத்தின் மேல் வைக்க நடுவில் துளையிட்ட ஒரு கதிரை, வழி நெடுக ஒரு கயிறு, ஒரு சூரிய ஒளி விளக்கு.

இனிக் கிளினிக். மாதம் ஒருமுறை, விடியுமுன் முதல் பஸ்ஸைப் பிடித்து, வெறும் வயிற்றோடு கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவு மாஞ்சோலைக்கோ போய், கிளினிக் கொப்பியை அடுக்கில் வைத்துவிட்டு வாங்கில் குந்தியிருந்து, மத்தியானத்தில் குளிசைகளோடு திரும்புவது எங்கள் முதியோரின் மாதாந்த யாத்திரை. இலவச வைத்தியம் இந்நாட்டின் பெருமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் கடதாசிப் பைகளில் எழுதிக் கொடுத்ததை வாசிக்க இயலாதவர் நிறத்தைக் கொண்டே குளிசையை அறிகிறார். வேறொரு கம்பனியின் சரக்கு வந்து நிறம் மாறிய மாதத்தில், பழையதையும் புதியதையும் சேர்த்து விழுங்கியவரை நான் கண்டிருக்கிறேன். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசின்றி வரும். அவசரம் உண்டாகாதபடி பார்த்துக்கொள்ள வீட்டுக்கு வருவார்தான் இல்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். எழுபது வயதைக் கடந்த வறியோருக்கு அரசு வழங்கும் கொடுப்பனவு, 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தின்படி மாதம் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 2024 டிசெம்பரில் நாட்டரிசிக்கு விதித்த உச்ச விலை கிலோ 230 ரூபா, கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றாடச் செலவுக்கே போதாத அதிலிருந்து ஒரு மேசனுக்குக் கூலி கொடுக்க எவரால் இயலும்?

பிள்ளைகள் எங்கே என்று கேட்பீர்கள். பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடலாகாது என்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் விதிக்கிறது. பராமரிப்புக் கோரி விண்ணப்பிக்க ஒரு சபையும் உண்டு. நல்ல சட்டம். ஆனால் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிலும் பின்னர் வவுனியாவிலும், காணாமல் ஆக்கப்பட்ட தம் மக்களைக் கேட்டு வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார், எந்தப் பிள்ளையின் மீது அந்தச் சபையில் விண்ணப்பிப்பார்கள்? அவர்களிற் பலர் விடை காணாமலே காலமாகிவிட்டனர். எஞ்சியோரின் கைப்பையில் பிள்ளையின் புகைப்படத்தோடு கிளினிக் கொப்பியும் இருக்கிறது. கனடாவிலோ சுவிஸிலோ இருந்து மாதம் தவறாமல் காசு அனுப்பும் பிள்ளைகள் இருப்பவர்க்கும், காசைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து எழும்ப முடிவதில்லை.

செய்யக்கூடியது என்ன என்பதற்கு நாம் முதலில் அந்நிய தேசம் போகவேண்டியதில்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியே, பிள்ளைப்பேற்றுக்காகக் குடும்பநல மாதர் படலை படலையாக நடந்து சென்ற தேசம் இது. பிரசவத்தில் தாய்மார் மடிவதை இந்நாடு அவ்வளவு குறைத்ததில் அந்த நடைக்குப் பெரும் பங்கு உண்டு. பிறப்பவரிடம் நடக்கத் தெரிந்த கால்கள் மூப்பவரிடமும் நடக்கலாம் அல்லவா? வெளியே பார்த்தாலோ, தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்குமான மருந்தை வீட்டு வாசலிலே கொடுக்கிறது. இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கு வருகிறது.

எனினும் என் மனதைப் பெரிதும் கவர்ந்தது அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரத்தில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்துத் தாதியியற் பேராசிரியை சாரா ஸான்டன் என்பவரும் அவர் சகபாடிகளும் வகுத்த ஒரு முறை. வறிய முதியவரின் வீட்டுக்கு ஒரு தாதியும், அன்றாடக் காரியங்களைச் செய்யப் பயிற்றுவிக்கும் ஒரு சிகிச்சையாளரும், அவர்களோடு ஓர் ஓடாவியும் போகிறார்கள். சில மாதங்களில் ஏறக்குறையப் பத்து முறை போகிறார்கள். முதற் கேள்வி, உங்களுக்கு என்ன வருத்தம் என்பதன்று. உங்களால் எதைச் செய்ய முடியவேண்டும் என்று விரும்புகிறீர்கள் என்பது. கோயிலுக்கு நடக்கவேண்டும் என்பவருக்கு ஒரு வழி, தாமே குளிக்கவேண்டும் என்பவருக்கு வேறொரு வழி. வைத்தியத்தையும் தச்சு வேலையையும் ஒரே கூடையில் வைத்த அந்தப் புத்தியை நான் வியக்கிறேன்.

இதனை எங்கள் பக்கத்துக்கு ஏற்ப எப்படிச் செய்வது? கிராம அலுவலர் பிரிவு ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அங்குள்ள முதியோர் சங்கத்தின் வாயிலாக, தனித்து வாழ்வோரின் பெயரை எடுத்து, முதலில் மேற்படி கேள்வியைக் கேட்டுவிட்டு, ஓர் ஓடாவியையும் ஒரு மேசனையும் வீடு வீடாக அனுப்பலாம். குழாயும் கதிரையும் எந்த உயரத்தில் இருக்கவேண்டும், கிணற்றில் நீர் இறைக்கும் பாரத்தை எப்படிக் குறைக்கலாம் என்பதையெல்லாம் கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்து மாணவர் கணித்துத் தருவர் என்றே நம்புகிறேன். புலம்பெயர்ந்த அன்பர்கள் கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் தாராளமாகக் கொடுக்கிறார்கள். மலசலகூடத்துக் கைபிடியில் உபயகாரர் பெயரைப் பொறிக்க வழியில்லாமையால் இதற்குச் சற்றுத் தயங்குவார்களோ என்னவோ!

இவையெல்லாம் அரசாங்கத்தின் கடமையன்றோ என்று இச்சபையிலுள்ள ஓய்வுபெற்ற அதிகாரிகள் ஆட்சேபிக்கக்கூடும். தாதியும் குளிசையும் அரசாங்கத்தின் கடமையே. அதனை இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருப்போம். ஆனால் கிழவியின் முழங்கால் அளவுக்கு வாசற்படியைத் தணித்துக் கொடுக்கும் மேசனுக்கு நானறிந்த எந்தத் திணைக்களத்திலும் பதவி கிடையாது. அந்தக் கூலியை மட்டும் இவ்வறக்கட்டளை தன் வட்டிப் பணத்திலிருந்து ஏற்கவேண்டும் என்று காரியகர்த்தர்களை வினயமாக வேண்டிக்கொள்கிறேன். ஐப்பசியில் மாரி தொடங்கிவிடும். மழையில் சீமெந்து வேலை செய்வது கடினமாகையால், ஆவணிக்குள் ஆளைப் பிடித்து, புரட்டாதியில் வேலையை முடித்துவிடுவது நல்லது.