சுண்ணாம்புக் கம்பத்தின் அடியில்



கண்டங்களின் நிலவடிவங்களைக் கற்பிக்கையில் இமயத்தையும் ஆல்ப்ஸையும் படம் காட்டுகிறோம். சிராங்கூன் சாலையைக் காட்டுவதில்லை. இது நம் பாடத்தின் குறை என்றே கருதுகிறோம். ஆசியாவை வடித்த அதே ஆற்றல்கள் நம் காலடியிலும் வேலை செய்துள்ளன.

ஊர்ப்பெயர்களே அதற்குச் சான்று. வீரமாகாளியம்மன் ஆலயத்தை முன்னோர் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றழைத்தனர். கம்பம் என்பது நம்மவர் வாயில் திரிந்த மலாய்க் கம்போங். அவ்வட்டாரத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. பவளத்தையும் கிளிஞ்சலையும் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கும். கடலுயிர்கள் கட்டிய கல் அது. அருகிலுள்ள கெர்பாவ் சாலையின் பெயருக்கு எருமை என்பது பொருள். எருமைக்கு வேண்டிய சேறும் நீரும் அன்று அங்கே தாராளமாக இருந்தன.

அந்தச் சேறு எப்படி வந்தது? 163 மீட்டர் உயரமுள்ள புக்கித் தீமா குன்றிலிருந்து தொடங்குவோம். அதன் கருங்கல், 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் நிலத்தின் ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்ல ஆறி இறுகியதால் பிறந்தது. மேலிருந்த பாறைகள் அரித்துச் செல்லப்பட, அது வெளிப்பட்டது. பின்னர் மழை அதைப் பற்றிக்கொண்டது. நம் வெப்பத்தில், கரியமில வாயு கலந்த மழைநீர் கருங்கல்லின் ஃபெல்ஸ்பாரைக் களிமண்ணாக்கும். குவார்ட்ஸ் மணலாக எஞ்சும். இரண்டையும் ஓடைகள் தாழ்நிலத்திற்குச் சுமந்தன.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. சுமத்திராவும் ஜாவாவும் போர்னியோவும் ஆசியாவோடு ஒரே நிலமாய் இணைந்திருந்தன. சிங்கப்பூர் அன்று தீவன்று, உள்நாட்டுக் குன்று! பனி உருகிக் கடல் ஏறியபோது காலாங், ரோச்சோர் பள்ளத்தாக்குகள் மூழ்கின. அசைவற்ற அந்நீரில் நுண்துகள்கள் படிந்து, கடற்களிமண் ஆயின.

பிசைந்த மாவைப்போல் நெகிழும் மண் அது. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலையருகே, வட்டப்பாதை ரயிலுக்காக அம்மண்ணில் தோண்டிய குழி சரிந்து நால்வர் மாண்டனர். தாங்கமைப்பின் வடிவமைப்புப் பிழைகளை விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. உறுதியான பாறை பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழையை இக்களிமண் பொறுப்பதில்லை. பின்னாளில் ரோச்சோர் நிலையத்தைக் கட்டியோர், கால்வாயையே வேறு வழியில் திருப்பிவிட்டுத் தோண்ட நேர்ந்தது.

கடல் இப்போது மீண்டும் ஏறுகிறது. ரோச்சோரின் தாழ்நிலம் அதற்குப் பழகிய இடம்.