வெடிச் சத்தமும் காவல் நாயும்

தீபாவளி, கார்த்திகை தீப நாட்களில் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் வெடிச் சத்தம் கேட்கும். நாயின் செவி நம் செவியினும் கூர்மையானது. வாலை இடுக்கி நடுங்கும், மூச்சிரைக்கும், கட்டை அறுத்துக்கொண்டு ஓடிக் கிணற்றில் விழவும் கூடும். இது முரண்டு அன்று; அச்சம். அடித்தால் அச்சம் மிகும், கடிக்கவும் செய்யும்.

பொழுது சாயுமுன் தீனி வைத்து, வீட்டினுள் இருட்டான மூலையில் சாக்கு விரித்து விடுங்கள். அண்டி வந்தால் தடவிக் கொடுங்கள். அச்சம் மிகுதியானால் பண்டிகைக்கு முன்பே கால்நடை மருத்துவரை அணுகுங்கள். மனிதருக்கான மாத்திரை கூடாது.

சத்தமே இல்லாதபோது மிரண்டு, குரல் மாறி, எச்சில் ஒழுகினால் வெறிநோயாக இருக்கலாம்; நெருங்காதீர்கள். எந்த நாய் கடித்தாலும் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நாய்க்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போடுங்கள்.