முட்டைக்கோஸும் தைராய்டு மாத்திரையும்

(நன்கொடையாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கமிருந்து வரும் தாய்மார், "தைராய்டுக்கு முட்டைக்கோஸ் ஆகாதாமே ஐயா?" என்று ஜெபவேளையிலும் எங்களைக் கேட்கிறார்கள்.

இந்தப் பழி பழையது. 1928-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டாக்டர் செஸ்னி குழுவினர் ஆராய்ச்சி முயல்களுக்குப் பெரும்பாலும் முட்டைக்கோஸையே தீவனமாகக் கொடுத்தார்கள். முயல்களுக்குக் கழுத்துக் கழலை கண்டது. அந்தக் காயிலுள்ள கந்தகச் சேர்மங்களிலிருந்து உண்டாகும் சில பொருட்கள், சுரப்பிக்கு அயோடின் சேராமல் தடுக்கின்றன. மரவள்ளிக் கிழங்கின் சயனைடை நம் உடல் தயோசயனேட்டாக மாற்றுகிறது. அதுவும் அப்படியே தடுக்கும். வட காங்கோவில் சரியாகப் பதப்படுத்தாத மரவள்ளியே அன்றாட ஆகாரம், அயோடினும் பற்றாக்குறை. அங்கே கழலை பெருகியது.

நாமோ வாரம் இரண்டு நாள் பொரியல் செய்கிறோம், அதுவும் வேகவைத்து. வெந்தால் வீரியம் குறையும். முட்டைக்கோஸ் விலக்கப்பட்ட கனி அல்ல!

இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் 1956-ல் தொடங்கிய ஆய்வில் சனங்களின் காய்கறியை மாற்றவில்லை, உப்பை மாற்றினார்கள். அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழலை குறைந்தது. 1962-ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. ஆகவே உப்பு வாங்கும்போது பாக்கெட்டைப் படியுங்கள்.

நம் நகர்ப்புறத்தில் பலருக்கு இந்நோய் வருவது, உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதால். காயை விட்டு என்ன பயன்? ஒரு கர்ப்பிணிச் சகோதரி, "கோஸ், முள்ளங்கி எல்லாம் விட்டுட்டேன் ஐயா, மாத்திரையையும் நிறுத்திட்டேன்" என்றார். எங்களுக்குத் திக்கென்றது. சிசுவின் சுரப்பி வேலை தொடங்குமுன் அதன் மூளை வளர்வது தாயின் தைராய்டுச் சுரப்பைக் கொண்டே. அப்போதே மருத்துவரிடம் அழைத்துப் போனோம். பரிசோதித்து, மாத்திரையின் அளவைக் கூட்டினார். கர்ப்பத்தில் தேவை கூடுமாம்.

கவனிக்க வேண்டியது நேரத்தை. மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க வேண்டும். காப்பியும் பலகாரமும் அரைமணி முதல் ஒருமணி கழித்து. மீல் மேக்கர் போன்ற சோயா உணவு அதன் கூடவே போனால் மருந்து சரியாக உடலில் சேராது. கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். உபவாச நாளில் மாத்திரையை விடுவோரும் உண்டு. எங்கள் வேத அறிவில் அதற்கு இடமில்லை.

உங்கள் காணிக்கையில் ஒரு பகுதி ஏழைக் கர்ப்பிணிகளின் தைராய்டு இரத்தப் பரிசோதனைக்குச் செலவாகிறது. ஒருமுறை பார்த்தால் போதாது, பிரசவம் வரை திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது.