அரசு ஊழியரும் மேல்முறையீடும்

(மாதவரத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



அரசாங்க வேலையிலிருந்து ஒருவர் நீக்கப்பட்டால் நமக்கென்ன என்று நீங்கள் எண்ணலாம். மாதவரம் 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது; ஆயினும் சுற்றுப்புற ஊராட்சிகளில், நிலத்தை நம்பிய வீடுகளிலிருந்து பிள்ளைகள் அரசாங்கப் பணிக்குச் செல்கின்றனர். அப்பிள்ளைக்கு நீக்க உத்தரவு வந்தால், குடும்பத்தார் சிபாரிசுக் கடிதம் கேட்டு முதலில் நாடி வருவது உங்களைத்தான்.

எனக்குத் தெரிந்த கடைநிலை ஊழியர் ஒருவர், அத்தகைய கடிதங்களோடு ஓராண்டு அலைந்தார். பின்னர் மேல்முறையீடு எழுதியபோது, காலம் கடந்தது என்று மனு தள்ளப்பட்டது. அவர் பக்கம் நியாயம் இருந்ததா என்பதை எவரும் ஆராயவேயில்லை. வெளியார் செல்வாக்கால் மேலதிகாரியை வற்புறுத்துதல் நடத்தை விதிகளுக்கே புறம்பானது என்பதையும் அவர் அறிந்திருக்கவில்லை.

அரசியலமைப்பின் 311ஆம் பிரிவின்படி, நியமித்த அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவர் ஓர் ஊழியரை நீக்கலாகாது. சில விதிவிலக்குகள் நீங்கலாக, குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரித்து, பதிலுரைக்கத் தக்க வாய்ப்பளித்த பின்னரே நீக்கலாம்.

உத்தரவு கிடைத்த நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குள், மாநில அரசு ஊழியர் விதிகளில் குறித்த மேலதிகாரிக்கு மேல்முறையீடு செய்துகொள்ளல் வேண்டும். பதவியிறக்கம், ஊதிய உயர்வை நிறுத்துதல் போன்ற தண்டனைகளுக்கும் இவ்வழி உண்டு. மனுவை அவரவர் பெயரில், தனித்தனியே, அலுவலகத்தின் வாயிலாக அனுப்புதல் வேண்டும். நிகழ்ந்ததையும் ஆதாரத்தையும் எழுதுக, வசைமொழி வேண்டா. இதிலும் பரிகாரம் கிட்டாவிடில் உயர் நீதிமன்றம் உண்டு.

2003 ஜூலையில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது, நம் மாநிலத்தில் ஏறத்தாழ 1,70,000 ஊழியர்கள் விசாரணையின்றி நீக்கப்பட்டனர். வேலைநிறுத்தம் செய்வது அடிப்படை உரிமையன்று என்று ஆகஸ்டு 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும், பெரும்பாலோரை மீண்டும் ஏற்க அரசாங்கம் இசைந்தது. எஞ்சியோரின் முறையீடுகளைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் மூவர் அமர்த்தப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் தம் சொல்லைச் சொல்ல ஓரிடம் வேண்டும் என்பதே இதன் பொருள்.

இந்நியாயம் நம் ஊராட்சிக்கும் பொருந்தும். குடிநீர்த் தொட்டி இயக்குபவர் மீது புகார் வந்தால், அவரை அழைத்துக் கேளாமல் தீர்மானம் செய்யாதீர்கள். இனிச் சிபாரிசு கேட்டு ஒருவர் வந்தால், உத்தரவு கிடைத்த தேதி எதுவென்று முதலில் கேளுங்கள்; மனு எழுதத் தெரிந்தவரிடம் அன்றே அழைத்துச் செல்லுங்கள். கடிதத்தினும் அதுவே அக்குடும்பத்திற்குப் பேருதவியாகும்.