உப்பும் எடையும் இரத்த அழுத்தமும்
(விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சென்னை கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு ஆராய்ச்சி நிலையம் 1899-ஆம் ஆண்டு தோன்றியது. பெரியம்மைக்கான தடுப்பு மருந்தை உருவாக்குவதே அதன் முதற்பணி. அந்நோய் உலகினின்றே ஒழிந்துவிட்டதாக 1980-இல் அறிவிக்கப்பட்டது. அதே வளாகத்தில் 2023 ஜூன் 15 அன்று 1000 படுக்கைகள் கொண்ட கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை திறக்கப்பட்டது. இதயம், சிறுநீரகம், மூளை நரம்பு ஆகியவற்றுக்கு அங்கே சிகிச்சை அளிக்கப்படுகிறது. இம்மூன்றையும் ஓசையின்றிச் சிதைப்பவற்றுள் தலையாயது உயர் இரத்த அழுத்தம். பெரியம்மை வெளியிலிருந்து வந்தது. அதைத் தடுக்க ஊசி இருந்தது. இதுவோ பிறப்பிலும் அடுக்களையிலும் வேர் கொண்டது. இதற்குத் தடுப்பூசி இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நாடெங்கும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. வயது வந்தோரில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும், 39.5 விழுக்காட்டினருக்கு வயிற்றுப் பருமனும் இருப்பதை அவை காட்டின.

புலால் மறுத்த இல்லங்களில், “சைவ உணவு உண்போருக்கு இந்நோய் அணுகாது” என்றொரு நம்பிக்கை நிலவுகிறது. காய், கனி, பருப்பு, கீரை நிறைந்த உணவு இதயத்துக்கு நலம் பயப்பது உண்மையே. ஆயினும் அப்பளம், வடகம், ஊறுகாய், மோர்மிளகாய், எண்ணெயில் பொரித்த பண்டங்கள், நெய்யொழுகும் இனிப்புகள் ஆகிய அனைத்தும் சைவமே. பகலுணவில் பாதிக்கு மேல் வெள்ளரிசிச் சோறாகவும், காய்கறி ஒரு கரண்டியாகவும் அமைந்துவிட்டால், அறம் காக்கப்படும், உடல் காக்கப்படாது.

மரபணுவின் பங்கையும் மறுத்தற்கில்லை. பெற்றோர் இருவருக்கும் இரத்த அழுத்தம் இருப்பின் மக்களுக்கும் வரும் வாய்ப்பு மிகும். உடற்பருமனுடன் தொடர்புடைய மரபணுக் கூறு ஒன்று 2007-இல் கண்டறியப்பட்டது. அக்கூறு உடையவரிடத்தும், நாள்தோறும் உடலுழைப்பு இருந்தால் அதன் விளைவு குறைகிறது என்று பின்வந்த ஆய்வுகள் உரைத்தன. இந்தியர் பலர் கைகால் மெலிந்தும் வயிறு பெருத்தும் இருப்பர். ஆகவே எடையை மட்டும் பார்த்தல் போதாது. இடுப்பின் சுற்றளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரையும் மகளிர்க்கு 80 சென்டிமீட்டரையும் கடத்தல் ஆகாது. வயிற்றுக் கொழுப்பு மிகும்போது சிறுநீரகம் உப்பை வெளியேற்றாமல் தேக்குகிறது. நரம்புத் தூண்டல் மிகுந்து இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. எடை ஒரு கிலோ குறைந்தால் அழுத்தமும் ஏறத்தாழ ஓர் அலகு குறையும்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. அது மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டி. நால்வர் கொண்ட இல்லத்துக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ உப்புப் பை 50 நாளேனும் வரவேண்டும். கடையில் வாங்கும் ஊறுகாயும் அப்பளமும் இக்கணக்கில் சேராதவை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். இல்லத்தரசியர் அடுத்த பையைப் பிரிக்கும் நாளைக் குறித்து வைத்தால் விடை தானே தெரியும்.

இதற்கான நெறி சமண மரபுக்குப் புதிதன்று. புறத்தவம் ஆறனுள் வயிறு நிறையுமுன் கையை எடுப்பது அவமோதரியம். நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு முதலிய சுவைகளைத் துறப்பது இரசபரித்தியாகம். மருத்துவர் இன்று சொல்வதும் இவற்றையே. கதிரவன் மறையுமுன் உண்ணும் வழக்கமும் நன்றே. ஆனால் அவ்வேளையில் இரவுக்கும் சேர்த்து உண்டால் பயனில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. பர்வ நாள்களில் நோன்பு ஏற்போர் சிலர் அழுத்த மாத்திரையையும் நிறுத்திவிடுகின்றனர். திடீரென நிறுத்தினால் அழுத்தம் எழும்பிப் பக்கவாதம் நேரலாம். சிறுநீர் பெருக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டு நீரும் அருந்தாதிருந்தால் மயக்கமும் சிறுநீரகத் தீங்கும் விளையலாம். எனவே விரதம் ஏற்பதற்குச் சில நாள் முன்னரே மருத்துவரை அணுகி, மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். பகலிலேயே எடுக்கத்தக்க மாத்திரைகள் பல உள்ளன. உடல்நிலை இடம் தராதபோது முழு உண்ணாநோன்புக்கு மாற்றாக ஒரு சுவையைத் துறப்பதும் தவமே.

வந்தவாசி, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களில் தனித்து வாழும் மூத்தோரை மறத்தலாகாது. இரத்த அழுத்தம், நீரிழிவு உடையோருக்கு வீடு தேடி மருந்து வழங்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. பெற்றோர் அதில் பதிவு செய்யப்பட்டுள்ளனரா என்று நகரில் உள்ள மக்கள் கேட்டறிதல் கடன்.

உயர் அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, அளந்தால்தான் தெரியும். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, கையை நெஞ்சின் உயரத்தில் வைத்து அளக்க வேண்டும். வெவ்வேறு நாள்களில் 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் மருத்துவரை நாட வேண்டும். முப்பது வயது கடந்தோர் ஒவ்வொருவரும் இவ்விழா முடிந்து இல்லம் திரும்பிய வாரத்திலேயே ஒருமுறை அளந்து பார்ப்பாராக. நலமுடைய உடலே நோன்புக்கும் துணை, அறத்துக்கும் துணை.