கடதாசி சரியாக இருக்கிற அரசு
(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)

 

நான் பெரிய பேச்சாளன் இல்லை. ஏ.எல். வரைக்கும் படித்துவிட்டு வந்து, இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். ஊர் நினைவுகளைப் பற்றிப் பேச இந்த மேடையில் பலர் இருக்கிறார்கள். நான் இன்றைக்கு நாங்கள் வாழுகிற இந்தப் பலெர்மோ நகரத்து மனிதர் ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

விய லிபெர்த்தாவில் இருக்கிற ஜார்தீனோ இங்கிளேசே பூங்கா உங்கள் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு அந்தப் பூங்காவுக்குப் பியெர்சாந்தி மத்தரெல்லா என்று பெயர். அவர் யார் என்று எங்கட பிள்ளைகளைக் கேட்டால், "சனாதிபதியின்ர அண்ணா" என்று சொல்லுவார்கள். அது சரிதான். 2015இல் இத்தாலியின் சனாதிபதியாகி, 2022இல் மறுபடியும் தெரிவான செர்ஜோ மத்தரெல்லாவின் அண்ணன்தான் அவர். ஆனால் அவரை அந்த உறவுமுறையால் மட்டும் அறிந்தால் போதாது.

பியெர்சாந்தி 1935ஆம் ஆண்டு மே 24ஆம் திகதி கஸ்தெல்லமாரே தெல் கோல்ஃபோவில் பிறந்தார். தகப்பனார் பெர்னார்தோ ரோமில் அமைச்சராக இருந்தவர். மகன் சட்டம் படித்தார், பலெர்மோ பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தார், கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். 1964இல் மாநகரசபைக்கும், 1967இல் சிசிலி மாகாணப் பாராளுமன்றத்துக்கும் தெரிவானார். 1971இலிருந்து மாகாணத்தின் வரவு செலவுக்குப் பொறுப்பாக இருந்தார். 1978 பெப்ரவரியில் மாகாணத் தலைவரானார். எங்கட நாட்டு முறையில் சொன்னால் முதலமைச்சர்.

ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. எங்களுக்கு 1987இல் 13ஆம் திருத்தத்தால் வந்த மாகாணசபைக்கும் சிசிலியின் சபைக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். சிசிலியின் சுயாட்சிச் சட்டம் 1946 மே 15இல் வந்தது. இத்தாலியக் குடியரசின் அரசியல் யாப்புக்கும் முந்தியது. நோர்மன் அரண்மனையில் கூடுகிற சபைக்குச் சொந்தச் சட்டம் இயற்றும் அதிகாரம் இருக்கிறது, காசும் இருக்கிறது. நாங்கள் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன அதிகாரம் இவர்களிடம் கையிலேயே இருந்தது.

அப்படியிருந்தும் நடந்தது என்ன? 1950களிலும் 60களிலும் இந்த நகரத்தின் தோட்டங்களையும் அழகான பழைய மாளிகைகளையும் இடித்துச் சீமெந்துக் கட்டடம் எழுப்பினார்கள். அதற்கு இந்த ஊர்ச் சனம் வைத்த பெயர் "பலெர்மோவின் சூறையாடல்". கட்டட அனுமதியில் மாஃபியா, ஒப்பந்தத்தில் மாஃபியா. அதிகாரம் இருந்தது, கணக்குக் கேட்க ஆளில்லை.

இந்த இடத்திலேதான் பியெர்சாந்தி ஒரு வார்த்தையைச் சொன்னார். "கார்த்தே இன் ரெகொலா" உள்ள சிசிலி வேண்டும் என்றார். கடதாசிகள் ஒழுங்காக உள்ள சிசிலி! இந்த வார்த்தையை எங்களுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. குவெஸ்தூராவில் கேட்கிறார்கள், வேலைக்குப் போனால் கேட்கிறார்கள், வீடு வாடகைக்கு எடுக்கப் போனாலும் கேட்கிறார்கள். சொஜோர்ணோ இருக்கா, ரெசிதென்சா இருக்கா, கடதாசி எல்லாம் சரியா? அரசாங்கம் ஏழையைப் பார்த்துக் கேட்கிற கேள்வி அது. அவர் அதே கேள்வியை அரசாங்கத்தைப் பார்த்துக் கேட்டார். நீ முதலில் உன் கடதாசியைக் காட்டு என்றார்.

வாயால் மட்டும் சொல்லவில்லை. 1978இலேயே அரச கட்டட வேலைகளின் ஒப்பந்தங்களை ஒழுங்குபடுத்த ஒரு சட்டமும், எங்கே எவ்வளவு கட்டலாம் என்று கட்டுப்படுத்த இன்னொரு சட்டமும் வந்தன. பலெர்மோ மாநகரசபை ஆறு பாடசாலைக் கட்டடங்களுக்குக் கொடுத்த ஒப்பந்தங்களைப் பரிசோதிக்க அதிகாரியை அனுப்பினார். தன் கட்சிக்காரர் ஆண்ட மாநகரசபை அது. எதிரியின் கணக்கைப் பார்க்க எவராலும் முடியும். சொந்த வீட்டுக் கணக்கைத் திறப்பதற்கே நெஞ்சுரம் வேண்டும்.

அது ஆபத்தான காலம். 1979இல் மட்டும் அவருடைய கட்சியின் பலெர்மோ மாவட்டச் செயலாளர் மிக்கேலே ரெய்னா, பொலிஸ் அதிகாரி போரிஸ் ஜூலியானோ, நீதிபதி சேசரே தெர்ரனோவா ஆகியோர் அடுத்தடுத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு ஒக்டோபரில் பியெர்சாந்தி ரோமுக்குப் போய் உள்நாட்டு அமைச்சரைச் சந்தித்துத் தன் கவலையைச் சொன்னார்.

1980 ஜனவரி 6, மூவிராசாக்கள் திருநாள். பண்டிகை நாளில் மெய்ப்பாதுகாவலர்களும் தங்கள் பிள்ளைகளோடு இருக்கட்டும் என்று அவர்களை அழைப்பதில்லை. மனைவி, பிள்ளைகள், மாமியாரோடு பூசைக்குப் போகக் காரில் ஏறிய இடத்தில், விய லிபெர்த்தாவில், அவரைச் சுட்டார்கள். பக்கத்தில் இருந்த மனைவிக்கும் காயம். அண்ணனைக் காரிலிருந்து வெளியே எடுக்கிற செர்ஜோவின் படத்தை லெத்தீசியா பத்தாலியா எடுத்தார். அது உலகம் அறிந்த படம். பியெர்சாந்திக்கு அப்போது வயது 44.

இதைக் கேட்கும்போது மட்டக்களப்பு ஆட்களுக்கு ஒரு பெயர் ஞாபகம் வரும். ஜோசப் பரராஜசிங்கம் ஐயா 2005இல், நத்தார்ப் பூசையில், புனித மரியாள் பேராலயத்துக்குள்ளே சுடப்பட்டார். அவருடைய மனைவியும் காயப்பட்டார். அந்த வழக்கு 2021இல் ஒருவரும் தண்டிக்கப்படாமலே முடிந்தது. இங்கே 1995இல் தொத்தோ ரீனா உட்பட மாஃபியாத் தலைவர்களுக்கு, கொலைக்கு உத்தரவிட்டதற்காக ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்தத் திருநாளில் துப்பாக்கி பிடித்த கை யாருடையது என்பது அதிலே தீரவில்லை.

செத்ததோடு எல்லாம் முடிந்ததா? இல்லை. அவருக்குப் பிறகு கம்யூனிஸ்ட் தலைவர் பியோ லா தோர்ரே 1982 ஏப்ரலிலும், ஜெனரல் தல்லா கியேசா அதே ஆண்டு செப்டெம்பரிலும் கொல்லப்பட்டார்கள். உடனே, செப்டெம்பர் 13ஆம் திகதி, லா தோர்ரேயின் பெயர் கொண்ட சட்டம் வந்தது. மாஃபியாவில் சேர்ந்திருப்பதே குற்றம், அதன் சொத்தைப் பறிக்கலாம் என்றது. அதாவது துப்பாக்கியைத் தேடினது போதாது, கணக்குப் புத்தகத்தைத் தேடு என்றது. பியெர்சாந்தி பிடித்த வழியும் அதுவே.

எங்கட வட மாகாணசபை 2013இல் தெரிவாகி 2018இல் காலம் முடிந்து கலைந்தது. 2017இல் அங்கேயும் அமைச்சர்மார் மீது ஊழல் விசாரணை வந்தது, அதையொட்டி முதலமைச்சருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணையும் வந்தது. யார் சரி யார் பிழை என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்லுறன். அதிகாரம் கேட்பது எங்கட உரிமை, அதை நாங்கள் விடக்கூடாது. ஆனால் அதிகாரம் வருகிற நாளில் கணக்குக் காட்டுகிற பழக்கமும் எங்களிடம் இருக்க வேணும். இல்லாவிட்டால் பலெர்மோவின் சூறையாடல் யாழ்ப்பாணத்திலும் நடக்கும், திருகோணமலையிலும் நடக்கும்.

அந்தப் பழக்கத்தை இங்கேயே தொடங்கலாம். இத்தாலியக் குடியுரிமை எடுத்த எங்கட ஆட்கள் இப்போது மாகாணத் தேர்தலில் வாக்குப் போடுகிறார்கள். தேர்தல் நேரத்தில் ஒருவர் வந்து, "உன்ர மகனுக்கு வேலை எடுத்துத் தாறன், வீட்டில எத்தனை வாக்கு?" என்று கேட்டால் என்ன சொல்லப் போகிறோம்? அந்த வேலை சும்மா வருவதில்லை. இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய வேலை அது. அவரிடம் வேலை கேட்காதீர்கள். "உங்கட கார்த்தே இன் ரெகொலாவா?" என்று கேளுங்கள்.

எங்கட சங்கமும் அப்படித்தான். கோயில் காசு, விழாக் காசு, ஊருக்கு அனுப்புகிற உதவிக் காசு எல்லாவற்றுக்கும் வரவு செலவை ஆண்டுக்கொரு முறை சுவரில் ஒட்டுவோம். கேட்கிறவரைக் கோபிக்காமல் பதில் சொல்லுவோம். கடதாசி சரியா என்று எத்தனையோ வரிசையில் நின்று பதில் சொன்ன சனம் நாங்கள். அதே கேள்வியை எங்களை நாங்களே கேட்க ஏன் பயப்பட வேணும்?

பிள்ளைகளே, அடுத்த முறை அந்தப் பூங்காவுக்குப் போகும்போது பெயர்ப்பலகையை வாசியுங்கள். சனாதிபதியின்ர அண்ணா என்பதோடு, கணக்குக் கேட்ட மனிதர் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.