நின்று கேட்டவர்

(பொதுக்காலம் 30ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு – வானொலி மறையுரை)



இன்றைய நற்செய்தியில் (மாற்கு 10:46-52) ஒரு பெருங்கூட்டம் எரிகோவை விட்டுப் புறப்படுகிறது. வழியோரம் பர்த்திமேயு என்ற பார்வையற்றவர் அமர்ந்து பிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறார். நாசரேத்து இயேசு போகிறார் என்பது காதில் விழுந்ததும் அவர் கத்தத் தொடங்குகிறார். பேசாதிருக்கும்படி அவரை அதட்டியவர்கள் யார்? மாற்கு பரிசேயரைச் சொல்லவில்லை, உரோமைப் படைவீரரையும் சொல்லவில்லை. இயேசுவோடு வழிநடந்த கூட்டத்தில் பலர்தாம் அதட்டினார்கள். இதை நாம் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும்.

இயேசு நிற்கிறார். அவரைக் கூப்பிடச் சொல்கிறார். வந்தவரிடம், தாம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். பார்வை இல்லாதவர் வேறு எதைக் கேட்டுவிடப் போகிறார்? ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவர் தம் வாயால் சொல்லும்வரை ஆண்டவர் காத்திருக்கிறார். கடந்த ஞாயிறு வாசகத்தில் யாக்கோபிடமும் யோவானிடமும் இதே கேள்வியைத்தான் கேட்டார். அவர்கள் வலப்பக்கமும் இடப்பக்கமும் அமர இடம் கேட்டார்கள். இவர் கேட்டது பார்வை.

நம் தமிழில் ‘கேட்பது’ என்ற ஒரே சொல்லுக்கு வினவுவது, செவிமடுப்பது என இரண்டு பொருளும் உண்டு. எரிகோ சாலையில் ஆண்டவர் இரண்டையும் செய்தார்.

இந்த இரண்டு வேலையையும் நம் நாளில், நம் கடற்கரையில், எளிய முறையில் செய்துவருபவை சில சிறிய வானொலி நிலையங்கள். பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் ‘கடல் ஓசை’ மீனவர்களுக்கான சமுதாய வானொலி. நாகை மாவட்டம் விழுந்தமாவடியில் ‘களஞ்சியம்’ இருக்கிறது. அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி தொடங்கியது. 2006-இல்தான் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என்ற வழி திறந்தது. இந்த நிலையங்களின் ஒலி சுமார் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் எட்டும். 1931-இல் மார்க்கோனி அமைத்துக்கொடுத்த வத்திக்கான் வானொலியில் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் பேசியபோது அவர் குரல் கடல்கள் தாண்டிப் போனது. இந்தச் சிறிய நிலையங்களின் சிறப்பு வேறு. இங்கே பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒரே தெருக்காரர்கள். பேசியது பிழை என்றால் மறுநாள் சந்தையிலேயே பதில் வந்துவிடும். (மறையுரைக்கு அந்த வசதி இல்லை. குருக்கள் பேசுவோம், நீங்கள் பொறுமையாகக் கேட்பீர்கள்.)

இத்தகைய நிலையங்களில் மருத்துவர் ஒருவர் இரத்த அழுத்தம் பற்றிப் பேசுவதை நினைத்துப் பாருங்கள். உப்பைக் குறையுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்கிறார். எல்லாம் சரியான அறிவுரை. பிறகு தொலைபேசியில் மீன் விற்கும் அம்மா ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை மாத்திரையைப் போட்டால் அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கிறது, சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, அதனால் வியாபார நாள்களில் மாத்திரை போடுவதே இல்லை என்கிறார். சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் மாத்திரையும் இரத்த அழுத்தத்திற்குக் கொடுப்பதுண்டு. மருத்துவருக்கு மாத்திரை தெரியும். சந்தை அந்த அம்மாவுக்குத்தான் தெரியும். அவர் சொன்ன பிறகுதான் மாத்திரை போடும் வேளையை மாற்றலாமா, வேறு மருந்து தரலாமா என்று மருத்துவர் யோசிக்க முடியும். சந்தைக்குக் கழிப்பறை வேண்டும் என்ற பேச்சும் அப்போதுதான் எழும். காலை முதல் இருட்டும்வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் கூடையருகே உட்கார்ந்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்! அவர்களைச் சோம்பேறிகள், மருந்து சாப்பிடாதவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஏன் என்று கேட்க ஒருவர் நிற்க வேண்டும்.

கலை பற்றிய பேச்சும் இப்படித்தான். கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாடல்களை, விசைப்படகு வந்தபின் பாட வேண்டிய தேவை குறைந்துபோனது. ஒலிப்பதிவுக் கருவியோடு ஒருவர் போய்க் கேட்டால், எழுபது வயதுப் பெரியவர் முதலில் ‘எனக்கென்னப்பா தெரியும்’ என்பார்; பிறகு விடியும்வரை பாடுவார்.

நாட்டு நடப்புக்கு வருவோம். சமுதாய வானொலிகள் தாமாகச் செய்தி தயாரித்துச் சொல்ல அனுமதி இல்லை; அகில இந்திய வானொலியின் செய்திகளை அப்படியே ஒலிபரப்பலாம். ஆனால் வானிலை, குடிநீர், மின்தடை, நோய் எச்சரிக்கை போன்றவற்றைச் சொல்லலாம். கடலோரத்தில் இவற்றைவிடப் பெரிய செய்தி எது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாள்களின் நிவாரணத் தொகை யாருக்கு வந்தது, யாருக்கு ஏன் வரவில்லை என்பதே அப்போது வீட்டுக்கு வீடு நாட்டு நடப்பு.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்ததை நம் கரை மறக்காது. குமரி மாவட்டத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கப் போனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையின் வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. சிறிய வானொலியும் எட்டாது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் புயலுக்குப் பின் கரையில் நடந்ததையும் நினைவில் வையுங்கள். தேடும் கப்பல்களில் எங்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள், நீரோட்டம் படகை எங்கே இழுத்துப் போகும் என்று எங்களுக்குத் தெரியும் என்பது மீனவர்களின் கோரிக்கை. சிலுவையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், குழித்துறையில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். வழியோரம் கத்திய பர்த்திமேயுவைப் போலத்தான். அவர்களுக்கு இழப்பீடு வேண்டியிருந்தது உண்மை. அதற்கு முன்பே அவர்கள் கேட்டது, தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்ல ஓர் இடம்.

முதல் வாசகத்தில் எரேமியா, ஆண்டவர் கூட்டிச் சேர்க்கும் மக்களுள் பார்வையற்றோர், கால் ஊனமுற்றோர், கருவுற்ற பெண்கள் எல்லாரும் இருப்பார்கள் என்கிறார் (31:7-9). வேகமாக நடக்கத் தெரிந்தவர்களுக்கு இது சங்கடம்தான். நின்று நின்று போக வேண்டியிருக்கும்.

நற்செய்தியில் இன்னொன்றும் இருக்கிறது. பர்த்திமேயுவை அதட்டிய கூட்டத்தையே இயேசு அவரைக் கூப்பிட அனுப்புகிறார். சற்று முன் வாயை மூடச் சொன்ன கூட்டத்திலிருந்தே, துணிவோடு எழுந்து வா என்று ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்தார்கள். இயேசு அவர்களை விலக்கி நிறுத்தவில்லை. அவர்களுக்கும் ஒரு வேலை கொடுத்தார்.

நம் அன்பியக் கூட்டங்களில் வாசகம் உண்டு, மன்றாட்டு உண்டு, திருவிழா வரி பற்றிய அறிவிப்பும் தவறாமல் உண்டு. முதியோர் உதவித்தொகை நின்றுபோன பாட்டி, காசநோய் மாத்திரையை இரண்டாம் மாதமே நிறுத்திவிட்ட இளைஞர், சந்தையிலிருந்து நேராக வந்து வாசலோரம் கூடையோடு உட்காரும் அம்மா இவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். இந்த வாரக் கூட்டத்தில் அவர்களில் ஒருவரிடம் என்ன வேண்டும் என்று கேட்போம். பதில் வரச் சற்று நேரம் ஆகலாம். அதுவரை முடிவுப் பாடலைத் தொடங்காமல் இருப்போம்.